‘காலி’யும் ‘பனாமா’வும்: ஹை-கெய்ன் சத்தம் வந்த வழி

லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் மொடலரைத் திறந்து அம்ப் பட்டியலுக்குள் போனால் ‘பிரிட் 2204’, ‘காலி றெக்ரிஃபயர்’, ‘பிவி பனாமா’ என்று வினோதமான பெயர்கள் வரும். காலி எண்டவுடன் கோட்டையும் கிரிக்கெட் மைதானமும் நினைவுக்கு வந்தால் நீங்களும் எங்கட ஆள்தான். ஆனால் இந்தக் காலி கலிபோர்னியா. அங்கே மெசா பூகி நிறுவனம் செய்த டூவல் றெக்ரிஃபயர் அம்பைத்தான் அந்தப் பெயர் குறிக்குது. ‘பிரிட்’ என்பது பிரித்தானியாவின் மார்ஷல் ஜே.சி.எம்.800. ‘பனாமா’ கொஞ்சம் சுத்திவளைச்ச விடுகதை. பீவி நிறுவனம் கிற்றார் கலைஞர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து 1992இல் வெளியிட்ட 5150 அம்ப் அது. வான் ஹேலன் பாண்டின் 1984ஆம் ஆண்டு அல்பத்தில் ‘பனாமா’ என்று ஒரு பாட்டு இருக்கு. மற்ற நிறுவனங்களின் வர்த்தகப் பெயரை நேரடியாகப் போட்டால் சட்டச் சிக்கல், அதனால்தான் இந்த ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு.

கிற்றார் வாசிக்காதவர்களுக்காக ஒரு வரி: மொடலர் என்பது ஒரு சின்னக் கணினி. கிற்றாரில் இருந்து வரும் மின்சமிக்ஞையை எண்களாக மாற்றி, அது ஒரு குறிப்பிட்ட பெடலுக்குள்ளும் அம்புக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் போய் வந்தால் எப்படி மாறியிருக்குமோ அந்த மாற்றத்தைக் கணக்கிட்டு வெளியே விடும். நாலைந்து ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய சாமான் எல்லாம் ஒரு பெட்டிக்குள்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பெட்டியைக் கையில் எடுக்கிற பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒன்றுதான். கெய்ன் குமிழைக் கடைசிவரைக்கும் திருப்புவது, பேஸைக் கூட்டுவது, மிட்டை வழிச்சு எடுப்பது. ஹெட்போனில் தனியாகக் கேட்கும்போது பயங்கரமாக இருக்கும். ட்ரம்ஸும் பேஸ் கிற்றாரும் வந்து சேர்ந்தவுடன் கிற்றார் காணாமல் போய்விடும், ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சும். இதுக்கு விடை தேடி மணிக்கணக்கில் வீடியோ பார்க்கலாம். ஆனால் மெனுவில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் எந்த ஊரில், என்ன தேவைக்கு, யாருடைய தட்டுப்பாட்டில் பிறந்தது என்று தெரிஞ்சால் பாதிக் குமிழ்களை எந்தப் பக்கம் திருப்புவது எண்டு தானாகவே விளங்கும் என்பது என் கட்சி.

தொடக்கம் எல்லாம் பழுதுகள்தான். 1951இல் மெம்பிஸில் ‘றொக்கெற் 88’ பாட்டைப் பதிவுசெய்ய வந்த அய்க் டர்னரின் குழுவிடம் இருந்த அம்ப் வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் சேதமாகி இருந்தது. பதிவுசெய்த சாம் பிலிப்ஸ் அதைத் தூக்கிப் போடாமல் காகிதத்தை உள்ளே திணித்து, அந்தக் கரகரப்போடேயே பதிவுசெய்தார். 1958இல் வந்த ‘றம்பிள்’ என்ற வாத்திய இசைக்காக லிங்க் ரே தன் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். பாட்டுவரி ஒன்றுகூட இல்லாத அந்த இசையை அமெரிக்காவின் சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டுமாம். 1961இல் மார்ட்டி ராபின்ஸின் ஒரு கன்ட்ரி பாட்டில், நாஷ்வில் ஸ்ரூடியோவின் மிக்சரில் ஒரு சனல் பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிற்றார் வண்டு மாதிரி உறுமியது. அதைக் கேட்டவர்களுக்குப் பிடிச்சுப் போனது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னோடி அந்தப் பழுதைத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு சுற்றை உருவாக்க, கிப்சன் நிறுவனம் 1962இல் அதை மாயெஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாக விற்றது. அதாவது, பழுது ஒன்றைப் பெட்டிக்குள் அடைச்சு விலைக்கு விற்பது மொடலருக்கு 30 வருசத்துக்கு மேல் முந்தியே தொடங்கிவிட்டது. லண்டனில் த கிங்க்ஸ் பாண்டின் டேவ் டேவிஸ் 1964இல் ஸ்பீக்கரைச் சவர அலகால் கிழித்த கதையும் இதே வரிசைதான்.

‘உண்மையான அம்ப்’ பற்றியும் இங்கேயே ஒன்று சொல்லவேணும், ஏன் எண்டால் மொடலரைப் போலி என்று சொல்லும் அண்ணாமார் எல்லா ஊரிலும் இருக்கினம். 1960களின் தொடக்கத்தில் மேற்கு லண்டன் ஹான்வெல்லில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அங்கே வரும் பெடியன்களுக்கு அமெரிக்காவின் ஃபெண்டர் அம்ப் வேணும், ஆனால் இறக்குமதிச் சாமானின் விலை கட்டுப்படியாகாது. (இந்த வசனத்தை நாங்கள் விளக்கத் தேவையில்லை.) கடையில் இருந்த கென் பிரானும் மற்றவர்களும் ஃபெண்டர் பாஸ்மன் அம்பின் சுற்றை எடுத்து, பிரித்தானியாவில் கிடைக்கும் வால்வுகளையும் ஸ்பீக்கர்களையும் போட்டுச் செய்ததுதான் முதல் மார்ஷல். உள்ளூர்ச் சாமான் போட்டதால் சத்தம் கொஞ்சம் மாறியது. அந்த மாற்றம்தான் பிறகு ‘மார்ஷல் சத்தம்’ எனப்பட்டது. இண்டைக்கு எங்கட மொடலர் நகலெடுக்கும் அந்த அம்பே ஒரு நகல்.

இனி பர்மிங்ஹம். 1965இல் டோனி அயோமிக்கு 17 வயது. உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ஒரு பாண்டோடு வெளிநாட்டுப் பயணம் போக இருந்ததால் அது அவருடைய கடைசி வேலை நாள். மதியம் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விருப்பமில்லாமல் இருக்க, வேலையை ஒழுங்காக முடிச்சுவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். அவருடைய வேலை உருக்கி ஒட்டுவது. அன்றைக்கு அழுத்தி வெட்டும் இயந்திரத்து ஆள் வராததால் அவரை அதில் விட்டார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. அவர் இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். கிற்றாரை விட்டுவிட நினைத்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவிபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்த ஜிப்சி ஜாஸ் கலைஞர் அவர்.

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டினார். அந்த உறைக்குள் இருந்து கம்பியின் அழுத்தம் சரியாகத் தெரியாது. தடித்த கம்பியை வளைக்க நோகும். அப்போது மெல்லிய கிற்றார் கம்பித் தொகுதி கடைகளில் வாங்கக் கிடைக்காததால் பான்ஜோக் கம்பிகளைக் கலந்து போட்டார். எல்லா விரலும் தேவைப்படும் முழுக் கோர்ட்டுகளைக் குறைத்து, இரண்டு கம்பி, மூன்று கம்பிப் பிடிப்புகளில் நின்றார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஒஃப் றியாலிற்றி’ அல்பத்தில் கம்பிகளை மூன்று அரைச்சுரம் இறக்கி இன்னும் தளர்த்திக்கொண்டார். தாழ்ந்த சுருதி, இரண்டு சுரப் பிடிப்பு, கனமான மெதுவான றிஃப் என்று மெற்றலின் இலக்கணமாக நாங்கள் இப்போது படிப்பவற்றில் பெரும்பகுதி ஒரு தொழிற்சாலை விபத்துக்குப் பிறகு ஒரு தொழிலாளி தன் கைக்கு ஏற்றமாதிரிச் செய்துகொண்ட ஒழுங்குகள். இசை வரலாறு எழுதும் ஆட்கள் ‘பிளாக் சபத்தின் இருண்ட அழகியல்’ பற்றி நிறைய எழுதுவினம். அந்த இயந்திரத்தைப் பற்றி, அது எப்படி ஒரு பாதுகாப்பும் இல்லாமல் பழக்கமில்லாத பெடியன் ஒருவனிடம் விடப்பட்டது என்பதைப் பற்றி, அவ்வளவாக எழுதுவதில்லை.

அந்த இரண்டு சுரப் பிடிப்பு ஏன் டிஸ்டோர்ஷனோடு இவ்வளவு பொருந்துகிறது என்பதற்குக் கணக்கும் இருக்கு. சங்கீதம் படிச்ச ஆட்களுக்கு லேசாக விளங்கும்: சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்தால் பவர் கோர்ட். அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவதுதான் டிஸ்டோர்ஷன். அப்படி வெட்டும்போது இரண்டு சுரங்களும் தனித்தனியாக வெட்டுப்படுவதில்லை. ஒன்றோடொன்று பெருகி, கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கும். கிற்றாரின் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸ், அதன் பஞ்சமம் ஏறத்தாழ 123. கழித்தால் 41. அது 82இன் சரிபாதி, அதாவது அதே சட்ஜமம் ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத ஒரு கீழ்ச்சுரம் தானாகவே வந்து சேருது. காந்தாரத்தையும் சேர்த்து முழுக் கோர்ட் பிடித்தால் இந்தக் கழித்தல்கள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் சேறாகிவிடும். அதனால்தான் கெய்னைக் கூட்டக் கூட்டக் கோர்ட்டைச் சுருக்க வேண்டியிருக்கு.

இப்போது மொடலரின் சங்கிலியில் அம்புக்கு முன்னால் என்ன வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். அயோமி ஆரம்பத்தில் தன் லேனி அம்புக்கு முன்னால் டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டியைப் பாவித்தார். மேல் அதிர்வெண்களைத் தூக்கி, பேஸைக் குறைத்து அனுப்பும் பெட்டி அது. கனமான சத்தத்துக்குப் பேஸைக் குறைப்பதா? ஓம், அதுதான் விசயம். தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் சக்தி கூட. அது முழுசாக வால்வுக்குள் போனால் வால்வு முழுநேரமும் அதையே வெட்டிக்கொண்டிருக்கும். மற்ற விவரம் எல்லாம் அதுக்குள் மூழ்கும். கம்பியை உள்ளங்கையால் அமர்த்தி அடிக்கும்போது ‘ஜக்’ என்று வரவேண்டியது ‘பொளக்’ என்று வரும். முன்னுக்குப் பேஸைக் குறைத்து, வெட்டி முடிஞ்ச பிறகு கூட்டவேணும். இந்த ஒழுங்கு மாறினால் எந்த அம்பும் கைகொடுக்காது.

1970களின் இறுதியில் ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்த ஐபனீஸ் ரியூப் ஸ்க்ரீமர் இதே வேலையைத் தன்னை அறியாமலே செய்தது. பெயரைப் பாருங்கள்: வால்வு அம்பின் அலறலை ஒரு சிறிய பெடலில் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட சாமான். ஆனால் அதன் சுற்று 720 ஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழே இருப்பதைக் குறைத்துக்கொண்டு, நடுப்பகுதியை மேடாக்கி விடும். மெற்றல் ஆட்கள் அதன் டிரைவ் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, லெவலை மேலே ஏற்றி, ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும் அம்புக்கு முன்னால் வைத்தார்கள். டிஸ்டோர்ஷன் பெடலில் டிஸ்டோர்ஷனை அணைத்துவிட்டு, வடிகட்டியாக மட்டும் பாவிப்பது! கையேட்டில் இல்லாத பாவனை. இண்டைக்கு மொடலரில் ‘ஸ்க்ரீம் 808’ என்ற பெட்டியைப் போட்டு டிரைவைக் கூட்டிவிட்டு, ஏன் சத்தம் கலங்குது என்று தலையைப் பிய்க்கிற ஆட்களுக்கு இந்த ஒரு தகவல் போதும். டிரைவ் பூச்சியம், லெவல் முக்கால், டோன் நடுவில். பிறகு அம்பின் கெய்னை 10இல் இருந்து 5க்குக் கொண்டுவந்து பாருங்கோ.

கெய்ன் ஏன் 5 போதும் என்றால், அம்ப்களே அப்படி மாறிவிட்டன. பழைய மார்ஷலை உறுமவைக்க முழுச் சத்தத்தில் வைக்கவேணும், ஊரே எழும்பும். கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் சிறிய ஃபெண்டர் அம்ப்களைப் பிரித்துத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வால்வில் வெட்டியதை அடுத்த வால்வுக்குக் கொடுத்து மேலும் பெருக்கும் அடுக்குமுறையைக் கொண்டுவந்தார். அதில் பிறந்தது மெசா பூகி. மெற்றாலிகா 1985இல் கோபன்ஹேகனில் ‘மாஸ்டர் ஒஃப் பப்பற்ஸ்’ பதிவுசெய்தபோது பாவித்தது அதன் மார்க் ரூ-சி பிளஸ். பீவி 5150இல் இந்த அடுக்கு இன்னும் கூடியது. எடி வான் ஹேலன் தன் ஹார்ட் றொக் சத்தத்துக்காகச் செய்வித்த அம்பை, அவர் வாசிக்காத ஒரு இசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் மெஷின் ஹெட் போன்ற 90களின் மெற்றல் பாண்டுகள். (5150 என்பது கலிபோர்னியாச் சட்டத்தில், மனநிலை பாதிக்கப்பட்டவரை அவர் சம்மதம் இல்லாமல் தடுத்துவைக்கும் பிரிவின் இலக்கம். வான் ஹேலனின் ஸ்ரூடியோவுக்கும் அதே பெயர்.) அந்த அம்பின் கெய்ன் குமிழில் பாதிக்கு மேல் போனால் இசை கூடாது, இரைச்சல்தான் கூடும். நிறுத்தும் இடங்களில் முழு மௌனம் வேணும் என்பதால் நொய்ஸ் கேற் வந்தது. மெற்றல் றிஃப்பில் அடியை விட இடைவெளிதான் முக்கியம் என்று நான் சொன்னால் எங்கட பாண்ட் பெடியன் சிரிப்பான், ஆனால் கேற்றை அணைச்சுவிட்டு வாசிக்கச் சொன்னால் வாய் மூடிவிடுவான்.

மிட்டை வழிச்சு எடுக்கும் பழக்கமும் 80களின் த்ராஷ் மெற்றலில் இருந்து வந்ததுதான். ஆனால் இசைத்தட்டில் கேட்பது ஒரு கிற்றார் இல்லை. ஒரே றிஃப்பை இரண்டு தரமோ நாலு தரமோ தனித்தனியாக வாசித்து இடமும் வலமுமாக வைப்பது. அந்தச் சுவரை ஒற்றைக் கிற்றாரில் எடுக்கப் பேஸைக் கூட்டினால் ட்ரம்ஸின் இடத்துக்குள்ளும் பேஸ் கிற்றாரின் இடத்துக்குள்ளும் போய் இடிபடுவீர்கள். இன்னொரு காரணம் காதிலேயே இருக்கு. பெல் ஆய்வுகூடத்தில் ஹார்வி ஃபிளெச்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, சத்தம் குறைவாக இருக்கும்போது எங்கட காதுக்குத் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்கள் குறைவாகத்தான் கேட்கும். இரவு பத்து மணிக்கு, பக்கத்து அறையில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்க, மெதுவான சத்தத்தில் அமைத்த டோனில் நீங்கள் அறியாமலே பேஸும் ட்ரெபிளும் கூடிப் போயிருக்கும். அதே டோனை மேடையில் முழுச் சத்தத்தில் விட்டால் பேஸ் குமுறும், ட்ரெபிள் காதைக் கிழிக்கும், சுரத்தைச் சொல்லவேண்டிய மிட் இருக்காது. கொஞ்ச நேரம் என்றாலும் சத்தமாக வைத்து அமைக்கவேணும், பாண்டின் மற்றச் சத்தங்களோடு சேர்த்துக் கேட்கவேணும்.

சரி, ஸ்பீக்கர். முழு வரலாற்றிலும் ஆகக் குறைவாக மதிக்கப்படும் ஆள் இதுதான். கிற்றார் அம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி இல்லை. 5 கிலோஹேர்ட்ஸ் தாண்டினால் சட்டென்று விழுந்துவிடும். ஒலித்தரம் என்று பார்த்தால் குறைபாடு. ஆனால் டிஸ்டோர்ஷன் பிறப்பிக்கும் கூர்மையான உச்ச அதிர்வெண்களை எல்லாம் அந்தக் குறைபாடுதான் வடிகட்டித் தருது. ஸ்பீக்கர் இல்லாமல் அம்பின் வெளியீட்டை நேரடியாக ஹெட்போனில் கேட்டால் காதுக்குள் நுளம்பு புகுந்த மாதிரி இருக்கும். மலிவான பெடலை நேராகக் கணினியில் செருகிப் பார்த்தவர்களுக்கு அந்த நுளம்பைத் தெரியும்.

பழைய ஸ்ரூடியோக்களில் நாலு ஸ்பீக்கர் கபினெற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதன் முன்னால் ஷுவர் எஸ்.எம்.57 மைக்கை வைப்பார்கள். கூம்பின் நடுவில் வைத்தால் கூர்மை, விளிம்புக்குப் போகப் போக மந்தம். ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தினாலும் சத்தம் மாறும். அம்பில் குமிழ் திருப்புவதை விட மைக்கை நகர்த்துவதில் கூட நேரம் போக்கிய ஒலிப்பொறியாளர்கள் உண்டு. மொடலரில் இந்த வேலையைச் செய்வது ஐ.ஆர்., அதாவது இம்பல்ஸ் றெஸ்பொன்ஸ். ஒரு கபினெற்றுக்குள் சோதனைச் சத்தம் ஒன்றை அனுப்பி, மைக் வழியாக வருவதைப் பதிந்து, அந்தக் கபினெற்–மைக்–இடம் மூன்றும் சேர்ந்த குணத்தை ஒரு சிறிய ஒலிக்கோப்பாக வைப்பது. நூறு மில்லிசெக்கன் அளவுகூட வராத அந்தக் கோப்பு அம்பை விடப் பெரிய வித்தியாசம் செய்யும். டோன் பிடிக்காவிட்டால் அம்பை மாற்றாதீங்கோ, முதலில் ஐ.ஆரை மாற்றுங்கோ. பிறகு 80–100 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 6–8 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கோ. மெற்றல் டோனில் நாங்கள் செய்யும் வேலையில் முக்கால்வாசி வெட்டுதல்தான்.

டிஜிற்றல் பகுதியை ஓடிக் கடக்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தது. லைன் 6 நிறுவனம் 1998இல் வெளியிட்ட பொட், சிவப்பு அவரை விதை மாதிரி ஒரு பெட்டி. டெசிபல் வெறியர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டில் அம்ப் வைக்க இடமில்லாத பெடியன்கள் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் மிஷா மன்சூர் பொட்டையும் கணினியில் எழுதிய ட்ரம்ஸையும் வைத்துத் தன் அறையிலேயே பதிந்த துண்டுகளை இணையத்தில் போட்டு வந்தார். அவருடைய பெரிஃபெரி பாண்டின் முதல் அல்பம் 2010இல் வந்தது. 2006இல் ஃபிராக்ரல் ஓடியோவின் அக்ஸ்-எஃப்.எக்ஸ்., 2011இல் ஜெர்மனியின் கெம்பர். கெம்பர் சுற்றைக் கணக்கிடாமல், உங்கள் முன்னால் இருக்கும் அம்புக்குள் சோதனைச் சத்தங்களை அனுப்பி அதன் குணத்தைப் பிடித்தது. 20 கிலோவுக்குக் குறையாத அம்பை விமானத்தில் ஏற்றத் தேவையில்லாததால் உலகம் சுற்றும் பாண்டுகளும் இந்தப் பக்கம் வந்தன. வால்வு அம்ப் ஆட்களுக்கு இன்னொரு தலையிடி: அப்பப்பா காலத்து வால்வு றேடியோ போனதோடு வால்வுத் தொழிற்சாலைகளும் போய்விட்டன. மிச்சமிருக்கும் பெரியவை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் சரத்தொவ் நகரத் தொழிற்சாலையின் வால்வுகள் வராது என்றவுடன் உலகம் முழுக்கக் கிற்றார்காரர்கள் வால்வு வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள்.

இப்போது நியூரல் அம்ப் மொடலர் என்று ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கு. இலவசம். ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் ‘நாம்’ என்று வரும், அது எனக்குப் பிடிச்சிருக்கு. அம்புக்குள் போனதையும் வெளியே வந்ததையும் கொடுத்தால் போதும். உள்ளே எத்தனை வால்வு, என்ன சுற்று என்று எதுவும் தெரியாமலே ஒரு நரம்பு வலையமைப்பு அதைப் பழகிக்கொள்ளும். பழைய மடிகணினி, விலைகுறைந்த ஓடியோ இடைமுகம், ஒரு கிற்றார் இருந்தால் ஆட்கள் பதிந்து பகிர்ந்த 5150களும் றெக்ரிஃபயர்களும் உங்கள் அறையில். 1962இல் ஹான்வெல் கடைக்கு வந்த பெடியன்கள் இறக்குமதி விலையைப் பார்த்துத் திரும்பிப் போன அதே நிலையில் இருக்கிற எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். மெனுவில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே வென்ற சத்தங்கள். தோற்றுப்போன சாமான் அங்கே எப்படி வரும்? ஸ்வீடனை எடுங்கோ. போஸ் நிறுவனம் 1983இல் ஹெவி மெற்றல் எச்.எம்-2 என்ற பெடலை வெளியிட்டது. மார்ஷல் அடுக்கின் சத்தம் சின்னப் பெட்டியில் என்பது நோக்கம். அப்படி ஒலிக்கவில்லை, கிற்றார் உலகம் அதைப் பெரிதாக மதிக்கவும் இல்லை. 1991இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இதுக்கிடையில் ஸ்ரொக்ஹோமில், பதின்ம வயசு தாண்டாத பெடியன்கள் நிஹிலிஸ்ற் என்ற பாண்டில் அந்த மலிவான பெடலின் நாலு குமிழ்களையும் ஒரேயடியாகக் கடைசிவரைக்கும் திருப்பி வைத்தார்கள். நான் மேலே சொன்ன எல்லாப் புத்திமதிக்கும் நேர் எதிர்: டிஸ்டோர்ஷன் முழுசு, பேஸ் முழுசு, மேல் முழுசு. அந்தப் பெடலில் ‘மேல்’ என்று எழுதியிருக்கும் குமிழ் உண்மையில் தூக்குவது 1 கிலோஹேர்ட்ஸ் சுற்றுவட்டத்தை, அதாவது மிட்டை. அதனால் சத்தம் மூழ்காமல், மரம் அறுக்கும் இயந்திரம் மாதிரி முன்னுக்கு வந்து நின்றது. அந்தப் பாண்ட் என்ரூம்ட் ஆக மாறி, தோமஸ் ஸ்கொக்ஸ்பெரியின் சன்லைற் ஸ்ரூடியோவில் பதிந்த ‘லெஃப்ற் ஹாண்ட் பாத்’ 1990இல் வந்தபோது ஸ்வீடிஷ் டெத் மெற்றலுக்கு ஒரு முகம் கிடைத்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு பெடல் கடைகளில் இருந்து மறைந்தது.

அதற்குப் பிறகு பழைய எச்.எம்-2களின் விலை ஏறிக்கொண்டே போனது. சிறிய நிறுவனங்கள் நகல் செய்யத் தொடங்கின. கடைசியில் 2020களின் தொடக்கத்தில் போஸ் நிறுவனமே அதைத் திரும்பவும் செய்து, அதன் உயர்தர வரிசையில், பழைய பெடலின் விலையை விடப் பலமடங்கு கூட்டி விற்பனைக்கு விட்டது. நாலு குமிழும் அப்படியே இருக்கு. வாங்குகிற ஆட்கள் பெட்டியைத் திறந்தவுடன் செய்வதும் அதேதான்: நாலையும் வலப்பக்கம், கடைசிவரைக்கும்.